பாதி துலக்கிய செம்பு

போன வாரம் ஸ்வேதா வாட்ஸப்பில் இரண்டு பக்கம் அனுப்பி, "ஆன்ட்டி, ப்ளீஸ் செக் திஸ்" என்று கேட்டிருந்தாள். நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அருங்காட்சியகத்தின் லேபில், நான் உட்கார்ந்த அதே ஜன்னலோர மேஜையில் இப்போது உட்காருகிற பெண். அப்பா அம்மா மதுரைக்காரர்கள். இவள் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் ஹைதராபாத். நான் தமிழில் என்ன சொன்னாலும் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் இங்கிலீஷிலோ தெலுங்கிலோ வரும்.

பழைய வணிகப் பாதைகளில் தோண்டி எடுத்த துணிகளுக்கென்று அங்கே தனிக்கூடம் திறக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று போனைக் காட்டினால், போன் அந்தப் பொருளின் கதையைச் சொல்லுமாம். என் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்கள் அட்டையில் நாலு வரி எழுதி ஊசி குத்தி வைப்போம். ஸ்வேதா அனுப்பியது ஒரு செம்பின் கதை. புதன்கிழமை குரல் பதிவு. அதற்குள் பார்த்துச் சொல்ல வேண்டும், கூடவே என் அனுபவம் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இதுதான் கோரிக்கை.

நன்றாகவே எழுதியிருக்கிறாள். இரண்டாயிரம் வருஷத்துச் செம்பு, அதன் வாயில் கட்டிய பருத்தித் துணி, கிடைத்த மேடு, நூலின் முறுக்கு எல்லாம் சரி. கடைசிப் பத்திக்கு வந்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. 'செம்பின் மறுபாதியில் இருந்த துணி, லேபில் பணியாற்றிய சேஷகிரி என்பவர் கவனமின்றிச் சுத்தம் செய்ததால் அழிந்துபோனது.'

சேஷகிரி சார் அந்தச் செம்பின் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. துலக்கியவள் நான். லேபில் இது தெரிந்தவர்களில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் டெல்லிக்கு மாற்றலாகிப் போனவர். மிச்சம் இருப்பது நானும் சேஷகிரி சாரும்தான். புதன்கிழமைக்குள் நான் வாயைத் திறக்காவிட்டால், அந்தப் பெட்டி முன்னால் நிற்கிற ஒவ்வொருவர் காதிலும் அவர் பெயர் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு பக்கம் போதாது. தமிழில்தான் எழுத வரும். ஸ்வேதாவுக்கு அவள் அம்மா படித்துச் சொல்லட்டும்.

எங்கள் குடும்பம் பாளையங்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு ரயில்வே வேலை, அதனால் நாங்கள் செகந்திராபாத்வாசிகள் ஆனோம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இந்த லேபில் சேர்ந்தேன். என் பயிற்சிக் காலத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஒரு வருஷம் பாட்டில் கழுவினேன். இன்னொரு வருஷம், மற்றவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

லேபின் தலைவர் மிர்சா சார். ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு மடக்கு லென்ஸ், வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பொருள் மேஜைக்கு வந்தாலும் முதல் அரை மணி நேரம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி வரலாம், குனியலாம், மண்டியிடலாம். கை மட்டும் முன்னால் வரக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. "சார், அரை மணி நேரமா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"கைக்கு ஜல்தி, பேட்டி?" என்றார் தக்கனி உருதுவில். "தோ ஹஜார் சால் டெஹ்ரா, ஔர் ஆதா கண்டா நை டெஹர்தா க்யா?" என்ன அவசரம் மகளே, இரண்டாயிரம் வருஷம் காத்திருந்தது இன்னும் அரை மணி காத்திருக்காதா என்று அர்த்தம்.

பார்த்து முடித்ததும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அங்கேயும் கெடுபிடிதான். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். நான் ஒருமுறை 'அழகான கைப்பிடி' என்று எழுதியதற்குச் சிவப்பு மையால் 'அழகான' என்பதை அடித்துவிட்டு, "அதை வீட்டுக்குப் போய் உன் புருஷனிடம் சொல்லிக்கொள்" என்றார். எழுதி முடித்த பிறகுதான் தொட அனுமதி.

அடுத்த மேஜை சேஷகிரி சாருடையது. கும்பகோணத்துக்காரர், என்னைவிட ஆறு வருஷம் சீனியர். அவர் மேஜைக்குப் போன பொருள் திரும்பி வருவது அபூர்வம். காலையில் வந்ததும் பேப்பர் படிப்பார். அப்புறம் கட்டிடத்தில் யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் தப்பு, யார் பிள்ளைக்கு காலேஜ் பாரம் நிரப்ப வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வார். அலுவலகத்தில் அவரால் உதவி பெறாத ஆள் கிடையாது. அவர் வேலை மட்டும்தான் நடக்காது. சுவரோரம் ஒரு இரும்பு ரேக் முழுக்க அவர் செய்து முடிக்காத சாமான்கள். பெண்டிங் ரேக் என்றே அதற்குப் பெயர்.

"சார், இந்தக் கரண்டி மூணு வருஷமா இங்கயே கெடக்கே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மண்ணுக்குள்ள இருந்ததுக்கு இங்க சௌக்கியமாத்தானேம்மா இருக்கு? ஃபேன் காத்து வேற" என்றார்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்கு வேலை என்றால் அன்றைக்கே முடிய வேண்டும். வெண்கலமோ செம்போ, பச்சைப் பசேலென்று களிம்பேறி வரும். அதைக் காரக் கரைசலில் ஊறப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருப்பதை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்து, டிஸ்டில்ட் வாட்டரில் பல தடவை அலசி, துடைத்து வைத்தால் கண்ணாடி மாதிரி மின்னும். மேலே இருக்கிற காட்சிக்கூடத்துக்கு மின்னுகிற சாமான்தான் வேண்டும். வருகிற டைரக்டர்கள் எல்லோரும், "எஸ்தர் கைக்கு ஒரு ராசி" என்று சொல்லிச் சொல்லி என்னை ஏற்றிவிட்டிருந்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

துணி விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பருத்தித் துணி கப்பலேறிப் போய், செங்கடல் ஓரத்துப் பாலைவன மணலில் கிடைத்திருக்கிறது. மணலும் வறட்சியும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தன. அதை நெய்த ஊரில் துண்டுகூடக் கிடைக்காது. நம் ஊர் மழையும் கரையானும் நூலை விட்டுவைக்குமா? அதனால் எங்கள் லேபில் யாரும் பழைய துணியைக் கனவிலும் எதிர்பார்த்ததில்லை. பானை வரும், மணி வரும், ஆணி வரும். துணி வராது. அப்படித்தான் நினைத்திருந்தோம்.

கிருஷ்ணா நதிப் பக்கம், வணிகர்களின் மாட்டு வண்டிச் சாத்துகள் கிழக்குக் கடற்கரைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் போய்வந்த பழைய பாதையில் ஒரு மேடு. அதைத் தோண்டியவர்கள் அனுப்பிய சாமானோடு அந்தச் செம்பு வந்தது. இரண்டு லிட்டர் பால் பிடிக்கும். குறுகிய கழுத்து, விரிந்த வாய், வாயிலிருந்து தோள் வரைக்கும் தடிப்பாகப் பச்சைக் களிம்பு. அலாட்மென்ட் ரிஜிஸ்டரில் அது சேஷகிரி சார் பெயருக்குப் போனது. அவரும் வழக்கம்போல மேஜை மேல் வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

ஆறு வாரம் போயிற்று. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் திங்கட்கிழமை வருகிறார், கண்காட்சி திறக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. டைரக்டர் வியாழக்கிழமை காலையில் லேபுக்குள் நுழைந்தார். செம்பு பச்சையாகவே இருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. சேஷகிரி சாருக்கு அங்கேயே ஒரு மெமோ. பிறகு செம்பை எடுத்து என் மேஜையில் வைத்து, "எஸ்தர், சனிக்கிழமைக்குள் இது மின்ன வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். மிர்சா சார் அந்த வாரம் லீவு. மகளுக்குக் கல்யாணம்.

டைரக்டர் போனதும் சேஷகிரி சார் என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் நிதானமா பண்ணும்மா. எனக்கென்னவோ அந்தக் களிம்பு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

"நீங்க எல்லாத்துக்கும் இதையேதான் சொல்லுதீங்க சார்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு.

கையைப் பின்னால் கட்டவில்லை. அரை மணி நேரம் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரில், 'பச்சைக் களிம்பு, அகற்றப்பட வேண்டும்' என்று ஒரு வரி எழுதினேன். எங்களுக்குப் பச்சை என்றால் அழுக்கு. வீட்டில் பாத்திரம் விளக்குகிறவளுக்குக் கரி எப்படியோ அப்படி. எனாமல் தட்டில் கரைசல் ஊற்றி, செம்பைச் சாய்த்து வைத்து, வாயின் இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மத்தியான டீ வருவதற்குள் பாதி வாய் செக்கச்செவேலென்று வந்துவிட்டது. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

டீ கிளாஸ் எடுக்க யாதம்மா வந்தாள். லேபில் பெருக்கித் துடைக்கிறவள். நல்கொண்டாப் பக்கத்துக்காரி, தெலுங்கு மட்டும்தான் பேசுவாள். கிளாஸை எடுத்தவள் குனிந்து செம்பைப் பார்த்தாள். "இதேந்தி மேடம், வாசென கட்டிண்ட்ரு?" என்றாள்.

வாசென என்றால் நாம் வேடு கட்டுவது என்கிறோமே, அதுதான். ஊறுகாய் ஜாடி வாயில் துணியை விரித்து, கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. ஹைதராபாத்தில் கோடை வந்தால் எல்லா வீட்டிலும் ஆவக்காய் ஜாடி வாயில் அது இருக்கும். என் வீட்டிலும் அந்த வாரம்தான் இரண்டு ஜாடிக்குக் கட்டியிருந்தேன்.

"எங்க யாதம்மா?" என்றேன். அவள் விரலை நீட்டிக் காட்டினாள். தொடவில்லை. மிர்சா சார் சட்டம் அவளுக்கும் மனப்பாடம்.

லென்ஸை எடுத்தேன். மிச்சமிருந்த பச்சைப் பாதியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. ஒன்று மேலே ஒன்று கீழே, மறுபடி மேலே, கீழே. நூல். கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு. அதற்கு ஒரு முடிச்சுகூட இருந்தது. செம்புக் களிம்பு விஷம், கிருமி அண்டாது. துணி மட்குவதற்குள் களிம்பு நூலுக்குள் ஊறி, நூல் போன பிறகும் நூலின் வடிவத்திலேயே நின்றுவிட்டிருக்கிறது. தொட்டால் கல், பார்த்தால் நெசவு. கல்லூரியிலேயே படித்த விஷயம். படித்து என்ன?

எனாமல் தட்டைப் பார்த்தேன். அடியில் பச்சைக் குழம்பாகக் கிடந்தது என் பாதித் துணி. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாதம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஒரு நிமிஷம் புத்தி எங்கெங்கோ போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சப் பாதியையும் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை செம்பு மின்னும், டைரக்டர் கை குலுக்குவார், யாதம்மா சொன்னதை யார் கேட்கப் போகிறார்கள்? அப்போது சேஷகிரி சார் எழுந்து வந்து, எதுவும் கேட்காமல், என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி அவர் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். "மிர்சா சாருக்கு போன் போடு" என்றார்.

முதலில் டைரக்டரிடம் போனேன். செம்பைத் தர முடியாது என்றேன். அவர் வந்து பார்த்தார். "என்ன இது, பாதி சவரம் பண்ணின மூஞ்சி மாதிரி? ஒன்று முழுசாகச் சுத்தம் செய், இல்லை மூடி வை" என்று கத்தினார். மூடி வைக்கிறேன் சார் என்றேன். எனக்கும் ஒரு மெமோ கிடைத்தது.

மறுநாள் காலையில் மிர்சா சார் கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்தார். ஷெர்வானி, அத்தர் வாசனை, தூக்கம் கெட்ட கண். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு செம்பைச் சுற்ற ஆரம்பித்தார். அரை மணி நேரம். நான் கதவோரம் நின்றுகொண்டு அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் நிமிர்ந்து, "பானி ஃபேக்கே க்யா?" என்று கேட்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டாயா?

"இல்ல சார். தட்டிலயே இருக்கு."

"ஷுக்கர்" என்றார். கடவுளுக்கு நன்றி என்று அர்த்தம். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தத் தட்டுத் தண்ணீரை ஃபில்டர் பேப்பரில் சொட்டுச் சொட்டாக வடிகட்டினோம். நாள் முழுக்க. அவர் ஷெர்வானிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகளை வழியனுப்ப வேண்டிய நேரத்துக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்தார். பேப்பரைக் காய வைத்து மைக்ரோஸ்கோப்பில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோது, எள்ளளவு மூன்று துணுக்கு அகப்பட்டது. மூன்றிலும் நெசவு இருந்தது. ஒன்றில் ஓரத்து நூல்கள் நெருக்கி ஓடி, ஊடை நூல் திரும்பி மடங்கியிருந்தது. துணியின் கரை. அதாவது கரை இருந்த பக்கத்தைத்தான் நான் தேய்த்துக் கரைத்திருக்கிறேன். கரை இருந்திருந்தால் எந்தத் தறி, எப்படி நெய்தார்கள் என்று இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

மிச்சமான பாதி எங்கள் மனசைக் குளிர வைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். முடிச்சுக்கு இரண்டு விரல் தள்ளி, துணியில் ஒரு கிழிசல். அதைக் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டித் தைத்திருந்தது. யாதம்மாவைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவள், வாசென கட்டுவதற்கு யாராவது புதுத் துணியைக் கிழிப்பார்களா, பழசைத்தான் கட்டுவார்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மிர்சா சார் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இரண்டு நாளில் அப்போதுதான் நானும் சிரித்தேன்.

சாயங்காலம் ரிஜிஸ்டரை என் முன்னால் நகர்த்தி, "லிக்கோ" என்றார். பழைய வரியை அடிக்கக்கூடாது, கீழே எழுத வேண்டும். 'இடது பாதியில் துணியின் தடயம் இருந்தது. துரதிர்ஷ்டவசமாக அது என்னால் அகற்றப்பட்டது' என்று எழுதினேன். சிவப்புப் பேனாவை எடுத்து 'துரதிர்ஷ்டவசமாக' என்பதை அடித்தார். "யாருடைய துரதிர்ஷ்டம்? நீ தேய்த்தாய், அது போயிற்று. அதை மட்டும் எழுது" என்றார். கையெழுத்துப் போட்டேன். என் சர்வீஸில் போட்ட கையெழுத்துகளிலேயே கஷ்டமானது அதுதான்.

அவர் எழுந்து நேரே பெண்டிங் ரேக்குக்குப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். மூன்று வருஷமாகக் கிடந்த கரண்டிக் காம்பில் துணி சுற்றியிருந்த அடையாளம். ஒரு மணியின் உள்பக்கம் பஞ்சு அடைத்துத் துணி திணித்திருந்த தடம், பயணத்தில் சத்தம் போடாமல் இருக்க. ஒரு தாம்பாளத்தின் அடியில் விரிப்பின் நெசவு. பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆனது. மொத்தம் ஏழு சாமான்களில் துணி இருந்தது. வணிகப் பாதையில் போன சாமானை எதில் சுற்றினார்கள், எதில் கட்டினார்கள் என்பது எங்கள் ரேக்கில் தூசி படிந்து கிடந்திருக்கிறது.

சேஷகிரி சார் மெமோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விசிறிக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேனோல்லியோ, எதுக்கும் அவசரப்படக் கூடாதுன்னு?" என்றார். மிர்சா சார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் மட்டும் அன்றைக்கு மாடிக்குப் போனேன். நான் துலக்கி வைத்த சாமான்கள் எல்லாம் காட்சிக்கூடத்தில் வரிசையாக நின்றன. லென்ஸை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் பார்த்தேன். குத்துவிளக்கு, கும்பா, சலங்கை. ஒரு நூலின் நிழல்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துலக்கியிருக்கிறேன். அவற்றில் எத்தனையில் துணி இருந்தது என்பது யாருக்கும் இனி தெரியாது.

வீட்டில் என் கணவர் தேவராஜ், மல்லாபூரில் ஒரு பாக்டரியில் இன்ஸ்பெக்ஷன் வேலை, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏளா, தப்பு நடந்துச்சு, ஒத்துக்கிட்ட, கையெழுத்தும் போட்டாச்சு. பொறவு என்ன, சாப்பிடு" என்றார். ஒத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அது பூட்டிய பீரோவுக்குள் இருந்த ரிஜிஸ்டரில்.

அடுத்த வருஷம் செம்பைக் காட்சிக்கு வைத்தபோது, பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக ஏன் இருக்கிறது என்று அட்டையில் விளக்க வேண்டியிருந்தது. 'ஒரு பகுதி சுத்தம் செய்யும்போது லேப் ஊழியர் ஒருவரால் அகற்றப்பட்டது' என்று போட்டார்கள். அன்று மத்தியானம் கேன்டீனில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காரர் ஒருவர், "யாரந்த ஒருவர்? அலாட்மென்ட்ல பாத்தேனே, நம்ம சேஷகிரிதான்! ஆறு வாரம் தூங்கிட்டு, எழுந்ததும் தேச்சிருப்பார்" என்றார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சேஷகிரி சார் எதிரே உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். உஸ்மானியா பிஸ்கெட்டை டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தை: அது நான்தான், சார் இல்லை. டீ கிளாஸ் சூடாக இருக்கிறது என்று அதை மேஜையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

வெளியே வரும்போது, "ஏன் சார் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு ஒரு பேர் இருக்கும்மா. எனக்கு இருக்கற பேர்ல இன்னும் ஒண்ணு ஒட்டினா தெரியவா போறது?" என்றார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளை போய் மாதமாகி, வருஷமாகி, அவர் ரிடையர் ஆனார். அவர் வழியனுப்பு விழாவில் அந்தச் செம்பைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். நான் கை தட்டினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நானும் ரிடையர் ஆனேன், எனக்கு 'கைராசிக்காரி' என்று சால்வை போட்டார்கள். கதை மட்டும் லேபில் தங்கி, ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்லப்பட்டு, ஸ்வேதா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவள் மேல் தப்பே இல்லை. கேட்டதை எழுதியிருக்கிறாள்.

ஸ்வேதாவுக்குப் பதில் போடும் முன் சேஷகிரி சாரிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. இப்போது கொண்டாப்பூரில் மகன் வீட்டில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறார். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்த என்னைப் பார்த்துத் தேவராஜ், "போடு, போட்டுப் பேசு. அவரு என்ன கடிச்சா திங்கப் போறாரு?" என்றார். போட்டேன்.

"எஸ்தர் பேசுதேன் சார்."

"எஸ்தரா! எப்படிம்மா இருக்கே? மல்லாபூர்காரர் சௌக்கியமா? இங்க எனக்கு லிஃப்ட்தான் ஊரு, உலகம் எல்லாம்" என்று ஆரம்பித்தவரை நிறுத்தி, ஸ்வேதா எழுதியிருந்த வரியை அப்படியே படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சார், அன்னைக்கு கேன்டீன்லயே நான் சொல்லிருக்கணும். சொல்லல. தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க" என்றேன்.

பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "போனைக் காட்டினா என் பேர் வருமா? எல்லார் காதுலயுமா?"

"ஆமா சார். அதான் மாத்தச் சொல்லப் போறேன்."

"மாத்தாதேம்மா. சர்வீஸ் முழுக்க இவன் ஒரு வேலையும் பண்ணலைன்னுதான் எல்லாரும் சொன்னா. இது ஒண்ணாவது நான் பண்ணினதா பதிவாகப் போறது. அதையும் பிடுங்கிக்கணுமா?"

நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நக்கோ சார், வேண்டாம். அது என்னோட வேலை. நான் பண்ணினது, என் பேருலதான் இருக்கணும். உங்க பேரு வேற எடத்துல வரும்" என்றேன்.

"எங்க?"

"அந்த ஏழு சாமான்ல."

"மெமோ கொடுத்தாரே, அந்த டைரக்டர் இப்ப எங்க இருக்காராம்? அவருக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொல்லேன்" என்றார்.

அன்றைக்கே ஸ்வேதாவுக்குத் திருத்தத்தை மட்டும் முதலில் அனுப்பினேன். 'செம்பின் இடது பாதியில் இருந்த துணியைத் தேய்த்து அகற்றியவர் எஸ்தர். இந்தக் கூடத்தில் உள்ள மற்ற ஏழு பொருள்களின் துணியைக் காப்பாற்றியவர் சேஷகிரி.' ரிஜிஸ்டர் எந்த பீரோவில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் குறித்திருந்தேன். அவள் அதிர்ந்துபோயிருப்பாள் போலிருக்கிறது. ராத்திரிதான் இரண்டு இதயமும் ஒரு கேள்வியும் வந்தன.

"ஆன்ட்டி, ஹௌ டிட் ஹி சேவ் தெம்? வாட் டிட் ஹி டூ?"

ஒன்றுமே செய்யவில்லை, அப்படியே எழுது என்று பதில் போட்டேன்.